ஃபயர்வால் ஆனில் இருந்தும் மால்வேர் நுழைவது எப்படி?

மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள், புகுந்ததாகக் கொண்டுவரப்படும் வீட்டுக் கணினிகளைத் திறந்து பார்த்தால், ஃபயர்வால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆன்டிவைரஸும் இருக்கும். ஆனால் எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒரு அனுமதி கொடுத்திருப்பார்கள், அல்லது ஒரு சுவிட்சை அணைத்திருப்பார்கள். புதிதாக ஒரு பாதுகாப்பு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அந்த இடங்களைச் சரிபார்ப்பதுதான் முக்கியம்.

விண்டோஸ் ஃபயர்வாலின் வேலை குறுகியது. நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும். உள்ளிருந்து வெளியே போவதை, தனியாக விதி எழுதாத வரை, அப்படியே விட்டுவிடும். 2003-இல் தானாகவே கணினிக்குக் கணினி பரவிய பிளாஸ்டர் என்ற புழு வகை மால்வேர், போர்ட் 135 என்ற நெட்வொர்க் வாசல் வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கணினிகளுக்குள் போனது. மறு ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பிக்கான சர்வீஸ் பேக் 2 என்ற அப்டேட் வந்ததிலிருந்து விண்டோஸில் ஃபயர்வால் தானாகவே ஆனில் இருக்கிறது. அந்த வகைத் தாக்குதலுக்கு அது நல்ல தடுப்பு. ஆனால் நீங்களே இறக்கி, நீங்களே இயக்கிய ஒரு புரோகிராம் உள்ளே உட்கார்ந்து வெளியே பேசினால், அதை அது தடுக்காது. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்.

ஃபயர்வாலில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நெட்வொர்க் வகை. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் உங்கள் வைஃபையின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். வீட்டுக்குள் பிரிண்டரையோ ஃபோல்டரையோ பகிராதவர்கள் வீட்டு வைஃபைக்கும் பப்ளிக் என்றே வைக்கலாம், எதுவும் கெடாது. வெளியிடங்களில் பப்ளிக் தவிர வேறு எதுவும் வேண்டாம். இரண்டாவது, ஒரு புரோகிராமை ஃபயர்வால் அனுமதிக்கலாமா என்று கேட்டு எழும் அந்தச் சின்னப் பெட்டி. அதில் கேன்சல் கொடுத்தாலும் பெரும்பாலான புரோகிராம்கள் இயங்கும், ஏனென்றால் அவை வெளியே போகத் தடை இல்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது, அவ்வளவே. 'அலோ அன் ஆப் த்ரூ ஃபயர்வால்' பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாதவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஏதாவது வேலை செய்யாமல் போனால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம்.

ரவுட்டரையும் மறக்க வேண்டாம். அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியை அணையுங்கள். அதிலேயே இருக்கும் யூபிஎன்பி (UPnP) என்ற வசதி ஆனில் இருந்தால், வீட்டுக்குள் இருக்கும் எந்தப் புரோகிராமும் உங்களைக் கேட்காமலேயே ரவுட்டரில் வெளிவாசலைத் திறந்துகொள்ளும். சில ஆன்லைன் விளையாட்டுகளுக்கு அது தேவைப்படலாம், மற்றவர்கள் அணைத்துவிடலாம்.

இனி ஆன்டிவைரஸ். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஒரு சாதாரண வீட்டுக்குப் போதும் என்பது எங்கள் கருத்து. வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். சிக்கல் அங்கேதான்: அந்த வேறொன்று சோதனைப் பதிப்பாக இருந்து, காலாவதியாகி, புதிய வைரஸ் பட்டியல் வராமல் பெயரளவில் மட்டும் கிடக்கலாம். அதைப் புதுப்பியுங்கள், இல்லையென்றால் முழுதாக நீக்கிவிடுங்கள். நேரடிக் காவல் செய்யும் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஓட்டவும் கூடாது. ஒரே ஃபைலை இரண்டும் பிடித்துக்கொண்டு கணினி திணறும். ஒன்று அடைத்து வைத்த ஃபைலை மற்றது தொற்று என்று காட்டும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷனில் மேனேஜ் செட்டிங்ஸுக்குப் போங்கள். ரியல் டைம் புரொடெக்ஷன், கிளவுட் புரொடெக்ஷன், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். டேம்பர் புரொடெக்ஷன் அணைந்திருந்தால், மால்வேரே மற்ற சுவிட்சுகளை அணைத்துவிட முடியும். அதே பக்கத்தின் அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கப்பட்ட இடங்கள் அவை. நீங்கள் எதையும் சேர்த்திருக்காவிட்டால் அது காலியாக இருக்க வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ சி டிரைவ் முழுவதுமோ அதில் இருந்தால், அந்தக் கணினியில் ஆன்டிவைரஸ் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருளின் வேலை இது. "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும், இது பொய் எச்சரிக்கை" என்று அதனுடன் வரும் குறிப்பில் எழுதியிருக்கும். அந்த வரியைப் படித்தவுடன் ஃபைலை அழித்துவிடுங்கள்.

ஆன்டிவைரஸ் உண்மையில் விழித்திருக்கிறதா என்று சோதிக்க ஐகார் சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரி. சோதனைக்காகவே இதை எல்லா ஆன்டிவைரஸ்களும் பிடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கியதும் எச்சரிக்கை வராவிட்டால் உங்கள் காவல் தூங்குகிறது.

அண்மைக் காலத்தில் அதிகம் ஏமாற்றுவது போலி கேப்ட்சா. ஒரு வலைப்பக்கம், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லும்: விண்டோஸ் கீயுடன் ஆர் (கட்டளைகளை இயக்கும் ரன் பெட்டி திறக்கும்), பிறகு கன்ட்ரோலுடன் வி, பிறகு என்டர். அவ்வளவுதான். பக்கத்தில் நீங்கள் கிளிக் செய்தபோதே காப்பி செய்தவை தங்கும் கிளிப்போர்டில் ஒரு கட்டளை ஏறியிருக்கும். ரன் பெட்டியில் அதை ஒட்டி இயக்குவது நீங்களே. உங்கள் கையால் நடப்பதால் பல தடுப்புகளைத் தாண்டிவிடும். எந்த உண்மையான கேப்ட்சாவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. வீட்டில் கணினி தொடும் எல்லோருக்கும், பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும், தயவுசெய்து இதைச் சொல்லி வையுங்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் பிடிஎஃப் போலத் தெரியும் ஃபைலின் வாலில் ஒட்டியிருக்கும் இஎக்ஸ்இ (.exe, அது ஒரு புரோகிராம் என்பதன் அடையாளம்) கண்ணில் படும். அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு வைத்துக்கொள்வதும் நல்லது.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை என்ற மால்வேர் பரவிய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினியில், ஆன்டிவைரஸ் புதிதாக இருந்தாலும் இயங்குதளத்தின் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும்.

தொற்று வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, சுமார் 15 நிமிடம் ஓடும். அந்த நேரத்தில் மால்வேர் இயங்காததால் ஒளிந்துகொள்ளவோ தடுக்கவோ முடியாது. கடவுச்சொற்களை அந்தக் கணினியிலேயே மாற்றாதீர்கள். சுத்தமான வேறொரு கருவியிலிருந்து, மின்னஞ்சலில் தொடங்கி, அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். கூடவே ஒவ்வொரு கணக்கிலும் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். திருடும் மால்வேர்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களோடு, நீங்கள் லாகின் ஆகியிருப்பதை நினைவில் வைக்கும் குக்கீ என்ற சின்னப் பதிவுகளையும் சேர்த்து அள்ளிப் போகின்றன. குக்கீ செல்லுபடியாகும் வரை கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழையலாம்.

ஸ்கேனுக்குப் பிறகும் அதே எச்சரிக்கை திரும்ப வந்தால் சுத்தம் செய்வதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளி டிஸ்கில் எடுத்துக்கொண்டு, ரீசெட் திஸ் பிசியில் ரிமூவ் எவ்ரிதிங், கிளவுட் டவுன்லோட் இரண்டையும் தேர்ந்தெடுத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். பழைய இன்ஸ்டாலர் ஃபைல்களை அந்த டிஸ்கில் ஏற்ற வேண்டாம். மென்பொருள்களை அவரவர் தளத்திலிருந்தே மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். எடுத்துவைத்த டிஸ்கை முதலில் முழுதாக ஸ்கேன் செய்துவிட்டு, அதன் பிறகே ஃபைல்களைத் திரும்பப் போடுங்கள்.