தொல்லைப் புகார்களைத் தனித்தனியாகப் பார்க்கும் ஆபத்து

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் கவுன்சில் வீடுகளிலும், இலாப நோக்கற்ற அமைப்புகள் தரும் ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளிலும் குடியிருப்போர் தரும் தொல்லைப் புகார்களைக் கையாள்வது என் வேலை. "மேல்வீட்டில் சத்தம்", "படிக்கட்டில் கூட்டம்" என்றுதான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். அதை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த அழைப்பை எடுப்பது மிகவும் ஆபத்தானது.

லெஸ்டர்ஷயரில் ஃபியோனா பில்கிங்டன் என்ற தாயும் மாற்றுத்திறனாளியான அவர் மகளும் 2007 அக்டோபரில் உயிரிழந்தார்கள். தெருவில் இளைஞர்கள் தந்த தொல்லையைப் பற்றி அவர் பல ஆண்டுகளில் 30 முறைக்கும் மேல் போலீசிடம் முறையிட்டிருந்தார். அந்த முறையீடுகளை யாரும் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை.

அதனால் முதல் அழைப்பிலேயே கேட்டாக வேண்டும்: முன்பும் நடந்ததா? வீட்டில் நோயாளிகள் உண்டா? நிறத்தையோ மதத்தையோ உடற்குறையையோ வைத்துக் குறிவைக்கிறார்களா? தூங்க முடிகிறதா? சுவருக்கு அப்பால் அதே சத்தம்தான். ஒருவருக்கு அது எரிச்சல், தனியாக வாழும் இன்னொருவருக்குத் தாங்க முடியாத அச்சம். எவ்வளவு வேகமாகச் செயல்பட வேண்டும் என்பதை இந்தப் பதில்களே சொல்லும்.

தொல்லை நடக்கும் நாளையும் நேரத்தையும் குறிக்கும் குறிப்பேட்டுத் தாளைக் கொடுத்து, "எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வாரக்கணக்கில் மௌனமாக இருப்பதை நான் ஏற்பதில்லை. எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "பயங்கரச் சத்தம்" என்பதைவிட, "இரவு 1.20 முதல் 3 வரை, படுக்கையறையில் கேட்டது, குழந்தை விழித்து அழுதது" என்பது பலமான சான்று.

எல்லாச் சத்தமும் குற்றமல்ல. குழந்தை ஓடுவதும் சலவை இயந்திரம் ஓடுவதும் அன்றாட வாழ்க்கை. இவற்றைச் சமூகவிரோதச் செயல்களிலிருந்து பிரித்துக் கையாளும்படி வீட்டு நிர்வாகங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஆம்பட்ஸ்மன் 2022 அறிக்கையில் பரிந்துரைத்தது சரியே. தரைவிரிப்பால் தீரக்கூடிய பிரச்சினைக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினால் பகைதான் வளரும்.

நம்மவர்களில் சிலர், புகார் செய்தால் வீடு போய்விடுமோ என்று அஞ்சி வாய்திறப்பதில்லை. உண்மையான புகாரைத் தந்ததற்காக வீட்டைப் பறிக்க முடியாது. ஆங்கிலம் கடினமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பேசவைக்க வேண்டாம்.

புகார் செய்தும் உரிய நடவடிக்கை இல்லையென்றால், சமூகவிரோதச் செயல்கள் பற்றிய 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்க் கோப்பை மறுஆய்வு (ASB Case Review) செய்யக் கோரலாம். கவுன்சிலும் போலீசும் வீட்டு நிர்வாகமும் சேர்ந்து கோப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். பொதுவாக ஆறு மாதத்தில் மூன்று புகார்கள் பதிவாகியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சம்பவம் நடந்த ஒரு மாதத்துக்குள் தரப்பட்டிருக்க வேண்டும். எனவே ஒவ்வோர் அழைப்புக்கும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதிவையுங்கள்.