மூன்று படிகளுக்கு எத்தனை அடி சாய்தளம்? சக்கர நாற்காலியில் செல்வோருக்குச் சட்டம் தரும் உரிமைகள்

பேருந்திலும் ரயிலிலும் ஏறவும், வங்கிக்கும் நூலகத்துக்கும் பிறர் தூக்காமல் சென்றுவரவும் வழி கேட்டு சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் எழுதும் மனுக்களில் பெரும்பாலானவை, "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியோடு முடிகின்றன. பணிவில் குறை காண்பதற்கில்லை. ஆனால், அதே மனுவில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தால், அதைப் பெறும் அலுவலர் அதனை உதவி கேட்கும் கடிதமாகக் கருதி ஒதுக்க இயலாது. இந்தியாவில் அதற்குத் துணை நிற்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 19.4.2017 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இதற்கு முன் இருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டமும் சாலை, கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசியது. எனினும், அரசின் பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்ற சொற்களைச் சேர்த்தே பேசியதால், நிதி இல்லை என்ற ஒற்றைப் பதிலில் எந்தக் கோரிக்கையும் முடிந்துபோக வாய்ப்பிருந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதன் 9ஆம் உறுப்பு, தடையற்ற அணுகலை அரசுகளின் கடமையாக வைக்கிறது. அந்தக் கடமையை உள்நாட்டுச் சட்டமாக்கவே 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்றிதழோ, தனித்துவ அடையாள அட்டையோ வைத்திருப்பவருக்குத்தான் இந்த உரிமைகள் என்று பலர், அலுவலர்கள் உட்பட, நினைக்கிறார்கள். இட ஒதுக்கீடு, உதவித்தொகை, கட்டணச் சலுகை போன்றவற்றுக்குத்தான் அந்த அளவுகோல். கட்டடத்துக்குள் நுழையவும் பேருந்தில் ஏறவும் உள்ள வசதி அனைவருக்கும் பொதுவானது. வாசலில் சாய்தளம் கேட்பவரிடம் அட்டையைக் காட்டச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

கட்டடங்களைப் பொறுத்தவரை, சட்டத்தின் வரையறையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. 'பொதுக் கட்டடம்' என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல. பொதுமக்கள் பெருமளவில் வந்துபோகும் தனியார் கட்டடமும் அதில் அடங்கும். கல்வி நிலையம், பணியிடம், வணிக வளாகம், வழிபாட்டிடம், மருத்துவமனை, நீதிமன்றம், காவல் நிலையம், ரயில் நிலையம், பேருந்து நிலையம், விமான நிலையம் எல்லாம் வரையறைக்குள் வருகின்றன. புதிதாகக் கட்டப்படுவனவற்றுக்கு 44ஆம் பிரிவு பொருந்தும். அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்தைக் கொண்டு எந்த நிறுவனத்துக்கும் கட்ட அனுமதி வழங்கக் கூடாது என்றும், விதிகளைப் பின்பற்றாமல் கட்டி முடித்தால் பணி நிறைவுச் சான்றிதழ் தரவோ குடிபுக விடவோ கூடாது என்றும் அது சொல்கிறது. இந்தச் சட்டத்திலேயே மிகக் கூர்மையான பிரிவு இதுதான் என்பது என் கருத்து, ஏனெனில் கட்டி முடித்த பிறகு இடிக்கச் சொல்வதைவிட வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எவருக்கும் எளிது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு 45ஆம் பிரிவு ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் 15.6.2017 அன்று அறிவிக்கப்பட்டன என்பதால் அந்த அவகாசம் 2022 ஜூனில் முடிந்துவிட்டது. சேவை வழங்கும் அமைப்புகளுக்கு, அவை அரசுடையவையாயினும் தனியாருடையவையாயினும், 46ஆம் பிரிவு தந்தது இரண்டே ஆண்டுகள்.

சாய்தளம் இருக்கிறதே என்று பதில் வரும்போது அதன் சரிவை அளந்து பார்க்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 1:12 என்ற விகிதத்தை வைத்திருக்கின்றன. அதாவது, ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் தேவை. உயரம் கூடும்போது சரிவு இதைவிடவும் குறைய வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், மூன்று படிகளின் உயரம் 45 சென்டிமீட்டர். அதற்கான சாய்தளம் 5 மீட்டர் 40 சென்டிமீட்டர், ஏறத்தாழ 18 அடி, நீள வேண்டும். நடைமுறையில் அந்த மூன்று படிகளின் மேலேயே சிமெண்டைப் பூசிச் சரித்து ஒரு மீட்டருக்குள் முடித்துவிடுகிறார்கள். அதில் இரு சக்கர வாகனத்தை ஏற்றலாம், சரக்கைத் தள்ளலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ஏற முயன்றால் பின்பக்கமாகக் கவிழ்வார். சாய்தளத்தின் இரு பக்கமும் கைப்பிடி, அதன் தொடக்கத்திலும் முடிவிலும் சமதளம், 900 மில்லிமீட்டர் அகலத்துக்குத் திறந்துகொடுக்கும் கதவு, நாற்காலி முழுச் சுற்றுத் திரும்ப 1,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் ஆகியவையும் வேண்டும். மனுவோடு ஒளிப்படம் இணைப்பவர்கள், ஓர் அளவு நாடாவை விரித்துவைத்து அதையும் படத்தில் சேர்த்து எடுத்தால் வாதத்துக்கு வேலையே இருக்காது.

போக்குவரத்துக்கு உரியது 41ஆம் பிரிவு. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பயணச்சீட்டு முகப்பு, பயணச்சீட்டு இயந்திரம் முதலியன அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும், சாலைகளும் அப்படியே. வாகனங்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சட்டம் சற்றுத் தயங்குகிறது. பழைய வாகனங்களை மாற்றியமைக்கும் கடமையை, தொழில்நுட்ப அளவில் இயலக்கூடிய, பாதுகாப்பான, செலவுக்குக் கட்டுப்படியாகிற, வடிவமைப்பில் பெரிய மாற்றம் கோராத இடங்களில் என்று வரம்பிட்டிருக்கிறது. போக்குவரத்துக் கழகங்கள் வழக்கமாகப் பதுங்குவது இந்த வரிக்குப் பின்னால்தான். ஆனால், அந்த வரம்பு பழைய வாகனங்களை மாற்றியமைப்பதற்கு உரியது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிதாகப் பேருந்து வாங்குகிறவர் அதைக் காட்டித் தப்ப இயலாது.

தாழ்தளப் பேருந்து ஏன் வேண்டும் என்பதையும் மேற்சொன்ன கணக்கே விளக்கும். வழக்கமான பேருந்தின் தளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், 1:12 சரிவில் அதற்கு 10 மீட்டர் 80 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்தளம் வேண்டும்; அது ஒரு நகரப் பேருந்தின் நீளத்தையே நெருங்கிவிடும். தளம் 400 மில்லிமீட்டரில் இருந்து, நிறுத்தத்தின் மேடை 150 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், மீதி 250 மில்லிமீட்டர்தான். பேருந்து நிறுத்தத்தின் பக்கமாகச் சற்றுத் தாழ்ந்துகொடுத்தால் அதுவும் குறையும்; வாசலிலிருந்து மடித்து விரிக்கும் பலகையில் ஒருவர் கைகொடுக்க ஏறிவிடலாம். ஓட்டுநர் மேடையை ஒட்டி நிறுத்தாமல் சாலை நடுவே நிறுத்தினால் இத்தனை ஏற்பாடும் வீண். ஆகவே, பேருந்தைக் கேட்கும் மனுவிலேயே நிறுத்தத்தையும் நடைபாதையையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

ரயிலில், துணையின்றிப் பயணிக்க இயலாத உடலியக்கக் குறைபாடு உள்ளவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதிப் பெட்டி, மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் 75 விழுக்காடும், முதல் வகுப்பு ஏசி, இரண்டடுக்கு ஏசி ஆகியவற்றில் 50 விழுக்காடும் கட்டணச் சலுகை உண்டு. சலுகை வேறு, அணுகல் வேறு. முக்கால் கட்டணம் குறைந்த பயணச்சீட்டு கையில் இருந்தாலும், நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள படிகள் படிகளாகவே இருக்கின்றன.

விமானப் பயணத்தில் நிலைமை ஓரளவு தெளிவு. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பயணியை ஏற்ற மறுக்கக் கூடாது என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் கருதினால், மருத்துவர் பயணியை நேரில் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று 2022இல் அது திருத்தப்பட்டது. உதவி தேவைப்படுபவர் 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷ் 2012இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 12.5.2016 அன்று பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

ராஜீவ் ரத்தூரி வழக்கில் 8.11.2024 அன்று வந்த தீர்ப்பை அணுகலுக்காகப் போராடுகிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005இல் தொடுத்த அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே பல கட்டளைகளைப் பிறப்பித்திருந்தது. அவை எந்த அளவுக்கு நிறைவேறின என்று ஆராய்ந்தபோது, குறை சட்டத்தில் இல்லை, 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதியில் இருக்கிறது என்று தெரிந்தது. 'செய்தே ஆக வேண்டும்' என்று சட்டம் சொல்ல, விதியோ வெறும் வழிகாட்டு நெறிமுறைகளைச் சுட்டி நின்றுவிட்டது. 15(1)ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்த நீதிமன்றம், கட்டாயமான, விட்டுக்கொடுக்க இயலாத விதிகளைத் தனியே பிரித்து மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அவற்றை மீறுவோருக்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது போன்ற விளைவுகள் உண்டு என்பதையும் வலியுறுத்தியது. எனவே, அது வெறும் வழிகாட்டுதல்தானே என்று இனி எவரேனும் பதில் எழுதினால், இந்தத் தீர்ப்பின் நாளைக் குறிப்பிட்டே மறுமொழி எழுதலாம்.

புகாரை எங்கே கொடுப்பது என்பது, இடம் யாருடையது என்பதைப் பொறுத்தது. ரயில்வே, விமான நிலையம், மத்திய அரசு அலுவலகம் என்றால் 75ஆம் பிரிவின்படி தில்லியில் உள்ள தலைமை ஆணையர். நகரப் பேருந்து, மாநகராட்சி, மாநில அரசு அலுவலகம், உள்ளூர் வணிக வளாகம் என்றால் 80ஆம் பிரிவின்படி மாநில ஆணையர். தமிழ்நாட்டில் அவரது அலுவலகம் சென்னையில் இருக்கிறது; அதற்கு முன்பாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுத்துப் பார்க்கலாம். புதிய கட்டடமாயின், அதன் வரைபட அனுமதியையும் நிறைவுச் சான்றிதழையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பிறகு புகார் எழுதுவது மேல். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் காத்திருப்பு. சாய்தளம் வரைபடத்தில் இருந்து கட்டடத்தில் இல்லாமற்போயிருந்தால் புகாரின் வலு பல மடங்காகிவிடும்.

ஆணையருக்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆட்களை அழைக்கலாம், ஆவணங்களைக் கோரலாம். ஆனால், இறுதியில் அவர் தருவது பரிந்துரைதான். அதைப் பெற்ற அதிகாரி நடவடிக்கை எடுத்து மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்க மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் எழுத்தில் கிடைப்பதே உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல விரும்புவோருக்கு முதல் ஆவணம். சட்டத்தை மீறுவோருக்கு 89ஆம் பிரிவு முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. மறுபடி மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் ஐந்து லட்சம் வரை. மறுபடி மீறினார்கள் என்று காட்ட முதல் மீறலின் பதிவு தேவைப்படும் என்பதால், மனு கொடுத்த நாளன்றே முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, படங்களோடும் அளவுகளோடும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.