வீட்டில் பழைய லேத்தா? நிறுத்துகிற வழியை முதலில் பாருங்கள்

போன சித்திரையில் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, எதைக் கடைஞ்சாலும் டேப்பரா வருது. ஒரு தடவை வந்து லெவல் பார்த்துக் குடுங்க." டேப்பர் என்றால் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வருவது. தம்பி இன்ஜினியரிங் முடித்தவர், வேலைக்குப் போகிறார். ராணிப்பேட்டை பக்கம் மூடிய ஒரு பட்டறையிலிருந்து நாலரை அடி பெல்ட் லேத் (இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் மெஷின்) ஒன்றை வாங்கி, வீட்டு கார் ஷெட்டில் இறக்கியிருந்தார்.

மெஷின் நன்றாகவே இருந்தது. லெவலை எடுத்து பெட் (மெஷினின் நீளமான அடித்தளம்) மேல் வைக்கப் போனபோது எதிர்ச் சுவரில் ஒரு குழி கண்ணில் பட்டது. பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. குழியின் நடுவில் சதுரமாக ஓர் அச்சு. சக் சாவியின் முனை அது. கடையும் இரும்பைக் கவ்விச் சுற்றுவது சக், அதை இறுக்குவது சாவி. உயரம் சரியாக அந்தத் தம்பியின் நெற்றி மட்டம்.

கேட்டேன். கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. சரி, அதற்குள் கடைகிற இரும்பைக் கழற்றலாம் என்று சாவியைச் சக்கில் மாட்டியிருக்கிறார். அளவு பார்க்கும் வெர்னியரை எடுக்க அந்தப் பக்கம் திரும்பிய நேரம் கரண்ட் வந்துவிட்டது. மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டுகிற ட்ரம் சுவிட்ச் 'ஃபார்வர்டு'லேயே இருந்ததால் சக் சுற்றி, சாவி பெட்டில் மோதிச் சுவருக்குப் பறந்தது. அவர் திரும்பாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

காட்பாடிப் பக்கம் 26 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் மெஷின் வைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் எல்லோரும் எப்படி ஓட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். எப்படி நிறுத்துவது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பழைய லேத்துகளில் பெரும்பாலும் ட்ரம் சுவிட்ச் மட்டும்தான் இருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் அங்கேயே நிற்கும். கரண்ட் போனாலும் அது தானாக 'ஆஃப்' ஆகாது. அதனால் ட்ரம் சுவிட்சுக்கு முன்னால் ஒரு டிஓஎல் ஸ்டார்ட்டர் (பட்டனால் மோட்டாரை ஓடவிட்டு நிறுத்தும் பெட்டி) கட்டாயம் வேண்டும். பச்சைப் பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் காயில், மோட்டாருக்குக் கரண்ட் விடும் கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்ப வந்தாலும், நீங்கள் பச்சையை அமுக்கும்வரை மெஷின் அசையாது. மோட்டார் திணறினால் ஓவர்லோடு ரிலே கான்டாக்டரைக் கழற்றிவிடும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கும் இந்த ஸ்டார்ட்டர் கடையில் கிடைக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒருநாள், கோடை மழைக்கு ஒருநாள் என்று கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இது இல்லாமல் லேத்தை ஓட்டவே கூடாது.

அவசரத்துக்கு ரிவர்ஸ் போட்டால் நின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வீட்டில் இருப்பது கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகை சிங்கிள் ஃபேஸ் மோட்டார் என்றால், ஓடும்போது ரிவர்ஸுக்குத் தள்ளினாலும் அது சுற்றின பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் நன்றாகக் குறைந்தால்தான் திசையைத் தீர்மானிக்கிற ஸ்டார்ட்டிங் வைண்டிங் மறுபடி வேலைக்கு வரும். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் வேறு ஆபத்து. பழைய லேத்தில் சக் ஸ்பிண்டிலில் (சக்கைச் சுற்றும் தண்டு) மரையால்தான் ஏறியிருக்கும். சடாரென்று எதிர்ப்பக்கம் சுற்றினால் சக்கே கழன்று இறங்கிவிடும். ஆகவே சிவப்புப் பட்டனை அமுக்குங்கள், தானாகச் சுற்றி நிற்கட்டும். சுற்றுகிற சக்கை உள்ளங்கையால் தேய்த்து நிறுத்தும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.

சக் சாவிக்கு என் பட்டறையில் ஒரே சட்டம்தான்: கை சாவியை விட்டால், சாவி சக்கில் இருக்கக் கூடாது. முன்பு ஒரு பையன், "டைட் பண்ணிட்டு உடனே எடுத்துடுவேன் மேஸ்திரி" என்றான். உடனே எடுப்பதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். கையை எடுக்கத் தோன்றினால் சாவியோடு எடுங்கள்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான். பட்டறையில் சட்டைக் கை மாட்டினால் பக்கத்து மெஷின்காரன் பாய்ந்து மெயினை அணைப்பான். கார் ஷெட்டில் ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் மட்டும்தான்.

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது லுங்கியும் பனியனும் தோளில் துண்டுமாக நிற்கத் தோன்றும். லுங்கி வேண்டாம், துண்டு வேண்டவே வேண்டாம். அரைக்கைச் சட்டை, பேன்ட், மூடிய செருப்பு அல்லது ஷூ. கோயிலில் கட்டிய கயிறு, மோதிரம், வாட்ச் மூன்றையும் மெஷினைத் தொடுமுன் கழற்றுங்கள். கயிறு கட்டிய புனிதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரம் மாட்டினால் விரல் வெட்டுப்படுவதோடு நிற்காது, தோலும் சதையும் உறைபோல உரிந்து வரும். கையுறையும் போடக் கூடாது. பாதுகாப்புக்கென்று போடுவதே உள்ளே இழுத்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் எப்போதும் வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் விரலை இழக்க எமரி பேப்பரும் (தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு காரணம். பளபளப்பு வரட்டும் என்று பேப்பரைக் கம்பியைச் சுற்றி விரலால் பிடித்துக்கொள்வார்கள். ஒரு கணம் பேப்பர் கம்பியில் ஒட்டினால் விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும். பேப்பரை ஒரு தட்டையான கட்டையிலோ அரத்திலோ வைத்து மேலிருந்து தொடுங்கள். அரத்துக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். கைப்பிடியை இடது கையில் பிடித்தால் கை சக்குக்கு மேல் போகாது. சுருளாக வரும் இரும்புச் சிப்ஸைக் கையால் இழுக்கவே கூடாது, கொக்கி வைத்து இழுங்கள், அதுவும் மெஷின் நின்றபிறகு.

அப்படியும் விரல் துண்டாகிவிட்டால், துண்டை நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். காயத்தை அழுத்திக் கட்டி, கையை உயரத் தூக்கிக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 1946-இல் இங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திக் காட்டிய ஊர் இது. சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நேரத்தை வீணாக்காமல் போனால் போதும்.

அந்தத் தம்பியின் டேப்பருக்கு வருவோம். மெஷினின் நான்கு கால்களையும் டைல்ஸ் தரையில் பலகைத் துண்டு போட்டு நிறுத்தியிருந்தார். மரம் நசுங்க நசுங்க பெட் முறுக்கிக்கொண்டது. பெட் முறுக்கினால் எவ்வளவு நல்ல லேத்தும் டேப்பராகத்தான் கடையும். பலகையை எடுத்துவிட்டு, டைல்ஸை உடைத்துக் கான்கிரீட் வரை போய், இரும்புத் தகட்டு ஷிம் வைத்தோம். கொத்தனார் லெவல் இதற்குப் போதாது, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டுகிற மெஷின் லெவல் வேண்டும். அது இல்லையென்றால் ஒரு தடித்த கம்பியில் 150 மில்லி இடைவெளியில் இரண்டு வளையம் விட்டு, டெயில் ஸ்டாக் (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) உதவி இல்லாமல் இரண்டையும் ஒரே செட்டிங்கில் கடைந்து, இரண்டின் விட்டத்தையும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். தம்பியின் மெஷினில் முதலில் 0.12 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. சாயங்காலத்துக்குள் 0.02-க்குக் கொண்டுவந்தோம்.

வாங்குவதற்குமுன் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. கேரேஜின் (டூலைத் தாங்கி பெட் மேல் நகரும் பகுதி) லாக்கைச் சக் பக்கம் லேசாக இறுக்கிவிட்டு டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். அங்கே இறுகினால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. சக்கில் ஒரு கட்டையைப் பிடித்து மேலே நெம்பும்போது டயல் கேஜ் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். மாற்றுப் பற்சக்கரங்களை எண்ணி வாங்குங்கள். லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் திருகு) இன்ச் கணக்கு என்றால் 127 பல் சக்கரம் இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் மில்லிமீட்டர் மரை சரியாக வராது.

எர்த் கட்டாயம். வீட்டு மீட்டரில் சொந்த வேலைக்கு மட்டும் ஓட்டுங்கள். கூலிக்குக் கடைந்து கொடுத்தால் கட்டணப் பிரிவை மாற்ற வேண்டும். முதல் மாதம் வேகத்தைக் கூட்டாதீர்கள். 25 மில்லி மைல்டு ஸ்டீல் கம்பிக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 380 சுற்று வரை போகலாம், நீங்கள் அதில் பாதியில் ஆரம்பியுங்கள். ஹெட் ஸ்டாக்குக்கு (சக்கைத் தாங்கும் பெட்டி) பின்னால் கம்பி ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தால் ஓட்டாதீர்கள். வேகத்தில் வளைந்து சாட்டைபோல வீசும்.

ஸ்டார்ட்டர் மாட்டி முடித்தபிறகு அந்தத் தம்பியின் அம்மாவைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வாசலில் நின்றார். லேத்தை ஓடவிட்டு, "அம்மா, அந்தச் சிவப்பை அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். சக் நாலைந்து சுற்று சுற்றி நின்றது.

"இவ்ளோதானாப்பா? இது தெரியாமத்தான் அன்னைக்கு சத்தம் கேட்டு ஓடிவந்து சும்மா நின்னேன்" என்றார்.

ஆனால் அந்தப் பட்டன் மெஷினின் அந்தப் பக்கம் இருந்தது. அவர் சக்கைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். அன்றைக்கே ஒயர் இழுத்து, கதவுக்குப் பக்கத்தில் அவர் தோள் உயரத்தில் இன்னொரு சிவப்புப் பட்டன் வைத்துவிட்டு வந்தேன்.