புகைக்குது எண்டவுடன போர் அடிக்காதேங்கோ

மேசையில் ஒரு ஹொண்டா சி 90 மோட்டார் சைக்கிள் எஞ்சின் கிடக்கிறது. சிலிண்டரின் உள்துளையை 0.50 மி.மீ. பெரிதாக வெட்டி, அதாவது 0.50 ஓவர்சைஸுக்குப் போர் அடித்து, புதுப் பிஸ்ரன், அதைச் சுற்றிய புது றிங், புதுக் கனெக்ரிங் றொட், புது ரைமிங் செயின் எல்லாம் போட்டிருக்கிறார்கள். காலையில் ஸ்ராட் பண்ணினால் இன்னமும் நீலப் புகை. ஹெட்டைத் திறந்தால், வால்வ் சீல் கல்லாய் இறுகிப் போயிருக்கிறது. வால்வ் தண்டோரம் ஒயில் உள்ளே இறங்காமல் தடுக்கும், விரல் நுனியளவு றப்பர். அதை ஒருவரும் தொடவில்லை. கழற்றி எறிந்த பழைய பிஸ்ரனோ ஹொண்டாவின் சொந்தப் பிஸ்ரன், வெட்டாத சிலிண்டருக்குரிய ஸ்ராண்டர்ட் அளவு. அதை இனி எங்கே போய்த் தேடுவது?

இது முதல் எஞ்சின் என்றால் எழுத வேண்டிய தேவை இல்லை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, கொட்டிலில் தூசு படிந்து கிடந்த சி 50, சி 90, எம்டி 90, சிடி 125 எல்லாம் வெளியே வந்தன. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும் வரவு குறையவில்லை. முக்கால்வாசி, அப்பாவோ அம்மப்பாவோ ஓடிய மோட்டார் சைக்கிள்கள். பாசத்தில் திருத்தக் கொண்டுவருகிறார்கள். அந்தப் பாசத்திலேயே ஒரு வசனமும் சொல்கிறார்கள்: “கழட்டினதுதானே, கையோட கையா எல்லாத்தையும் மாத்தி விடுங்கோ.”

இந்த வசனந்தான் எஞ்சினைக் கெடுக்கிறது. புதுச் சாமான் என்றால் பழையதை விடத் திறம் என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. 40 வருடம் ஓடியும் அளவு மாறாத ஒரு கிராங், அதாவது பிஸ்ரனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு, அதன் உலோகம் எப்படிப்பட்டது என்பதை ஏற்கெனவே நிரூபித்துவிட்டது. அதை எறிந்துவிட்டு, பெட்டியில் பெயர் மட்டும் அச்சடித்த கொப்பிச் சாமானைப் போடுவது திருத்தம் அல்ல. பிஸ்ரனை றொட்டோடு பிணைக்கும் பின் (pin) கையால் தள்ளவே கடகடவென்று ஆடுகிற, றிங்கின் வாய் இடைவெளி பெட்டிக்குப் பெட்டி மாறுகிற சாமான்கள் கடைகளில் இருக்கின்றன. பழசு தேய்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணோ பாசமோ சொல்லாது. மைக்ரோமீற்றரும், இடைவெளி அளக்கும் பீலர் கேஜும் சொல்லும்.

புகையை முதலில் வாசியுங்கள். காலையில் ஸ்ராட் பண்ணியதும் ஒரு வீச்சு நீலமாக வந்து பிறகு நின்றுவிட்டால் வால்வ் சீல். ஓடிக்கொண்டிருக்கும்போது அக்சிலேற்றரை விட்டுவிட்டுத் திரும்பத் திருகுகையில் பின்னால் வருபவருக்கு முகத்தில் அடித்தால் பெரும்பாலும் வால்வ் தண்டு ஓடும் குழாயான வால்வ் கைட். எஞ்சின் பாரம் இழுக்கும்போது நிற்காமல் நீலமாக வந்தால்தான் றிங், போர் பக்கம் சந்தேகப்படலாம். கறுப்புப் புகைக்கும் போருக்கும் சம்பந்தமே இல்லை, கார்பரேற்றரையும் எயார் கிளீனரையும் பாருங்கள். ஒயிலை அளவுக்கு மேல் விட்டாலும் புகைக்கும். சி 90இல் ஒயில் கம்பியைத் துடைத்துவிட்டு, மரையைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளவு பார்ப்பது. திருகிப் பார்ப்பவர்கள் ஒயில் குறைந்த எஞ்சினை நிறைந்தது என்று நினைத்து ஓடுகிறார்கள்.

அடுத்தது கொம்பிரஷன், அதாவது பிஸ்ரன் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு. வால்வ் கிளியரன்ஸை (வால்வுக்கு விடும் இடைவெளியை) குளிர்ந்த எஞ்சினில் 0.05 மி.மீ.க்குச் சரிபார்த்த பிறகு, எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றிக் கொம்பிரஷன் கேஜைப் போட்டு, அக்சிலேற்றரை முழுக்கத் திறந்து பிடித்தபடி, முள் ஏறுவது நிற்கும் வரை கிக்கர் அடியுங்கள். அக்சிலேற்றரைத் திறக்காமல் அடித்துவிட்டு “கொம்பிரஷன் இல்லை” என்று தீர்ப்புச் சொல்பவர்களுக்குக் குறைவே இல்லை. 150 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் அந்தச் சிலிண்டரைக் கழற்றக் காரணம் தேவை. குறைந்தால், பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளப்பது வழக்கம். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வ். ஆனால் சி 50, சி 90 சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்துக் கிடப்பது. விட்ட ஒயில் கீழ்ப்பக்கம் தேங்கிவிடும், அந்த அளவீட்டை நம்பாதீர்கள். அதற்குப் பதிலாக, பிஸ்ரனை கொம்பிரஷன் உச்சியில் நிறுத்தி, பிளைவீல் நட்டில் ஸ்பானரைப் போட்டு அசையாமல் பிடித்துக்கொண்டு பிளக் துவாரத்தால் காற்று அடியுங்கள். சைலன்சரில் இரைந்தால் எக்ஸோஸ்ட் வால்வ். கார்பரேற்றரில் இரைந்தால் இன்ரேக். ஒயில் விடும் வாயில் இரைந்தால் றிங்.

எங்கள் ஊர் எஞ்சின்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 90களில், யுத்தத்தின்போது வடக்குக்கு இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் இவை சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். கரி றிங் பள்ளங்களில் இறுகும். அப்படி ஓடிவிட்டு வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஒயில் றிங் பள்ளத்தோடு ஒட்டிப்போயிருக்கும், போர் நல்லாகவே இருக்கும். பள்ளத்தை உடைந்த பழைய றிங் துண்டால் சுரண்டி, புது ஸ்ராண்டர்ட் றிங் போட்டால் புகை நிற்க வேண்டிய சிலிண்டரைக் கொண்டுபோய் லேத்தில் வெட்டுகிறார்கள். இறுகி நிற்கும் பிஸ்ரனைச் சுத்தியலால் அடிக்கவும் வேண்டாம். டீசலை விட்டு நாலைந்து நாள் ஊறவிடுங்கள், பெரும்பாலும் அசையும்.

சிலிண்டரைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், சி 50, சி 90இல் எஞ்சினை இறக்காமலே ஹெட்டும் சிலிண்டரும் கழலும். போர் கேஜ் இருந்தால் மூன்று ஆழத்தில், குறுக்கும் நெடுக்குமாக, ஆறு அளவு. இல்லையா? ஒரு றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்ரன் தலையால் நேராகத் தள்ளி, றிங்கின் வாய் இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்து பாருங்கள். ஹெட் பக்கம் 0.46, அடிப்பக்கம் 0.30 என்றால் வித்தியாசம் 0.16. அதை 3.14ஆல் பிரித்தால் 0.05 மி.மீ.; சிலிண்டர் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. 0.05க்குள் நின்றால் உட்சுவரைக் கல்லால் இலேசாக உரசி (ஹோன் பண்ணி) புது றிங் போட்டால் போதும். 0.10ஐத் தாண்டினால் போர் அடிக்கத்தான் வேண்டும். அங்கே றிங் மட்டும் மாற்றுவது காசைக் கிணற்றில் போடுவது. தேய்வு இரண்டுக்கும் இடைப்பட்டால், சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற சைக்கிள் என்றால் விட்டுவிடலாம், தினமும் கிளிநொச்சிக்கு நெடுந்தூரம் ஓடுவது என்றால் விட முடியாது.

போர் அடித்தால் 0.25இல் தொடங்குங்கள். “0.50 பிஸ்ரன்தான் கடையில இருக்கு” என்பது வெட்டுவதற்குக் காரணம் ஆகாது. 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு வாய்ப்புத்தான், அதற்குப் பிறகு சிலிண்டருக்குள் புது உறை (லைனர்) இறக்க வேண்டும். பிஸ்ரனைக் கையில் வாங்கி, அதையும் லேத்துக்குக் கொடுங்கள். பிஸ்ரனை அளந்து அதற்கேற்ப வெட்டுவதுதான் முறை. வெட்டி வந்ததைப் பெற்றோலால் மட்டும் கழுவாதீர்கள். ஹோன் கல்லின் தூள் போரின் கீறல்களுக்குள் இருந்துவிடும். சுடுநீரும் சவர்க்காரமும் போட்டு, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை தேயுங்கள். உடனே ஒயில் பூசுங்கள். எங்கள் உப்புக் காற்றில் கழுவின வார்ப்பிரும்பு காத்திருக்காது.

கிராங்கைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. றொட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து “றொட் அடிச்சுட்டுது” என்கிறார்கள். பக்கவாட்டில் ஆட வேண்டும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அடிப் பெயாரிங்கை மண்ணெண்ணெயால் கழுவி ஒயிலைப் போக்கிவிட்டு, றொட்டை உச்சியில் நிறுத்தி நேர் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளுங்கள். அங்கே ஒரு சின்ன ‘டக்’ கூட இருக்கக் கூடாது. அது இல்லையென்றால் கிராங்கைத் தொடாதீர்கள். அழுத்திப் பிரித்த கிராங்கைத் திரும்ப நேராக்கி டயல் கேஜில் காட்டத் தெரிந்த கைகள் குறைவு. சிடி 125இன் இரட்டைச் சிலிண்டர் கிராங் என்றால் இன்னும் குறைவு.

கியர் துள்ளவில்லை, பெயாரிங் இரையவில்லை என்றால் நடுக் கேஸைப் பிளக்க வேண்டாம். ஆனால் கிளச் பக்கத்து மூடியைத் திறந்து, கிளச்சின் முகத்திலுள்ள சுழல் ஒயில் பில்டரைக் கட்டாயம் சுத்தம் பண்ணுங்கள். உட்சுவரில் கறுப்பு மெழுகு போல, நகம் புதையும் தடிப்பில் ஒட்டியிருக்கும். மரக்குச்சியால் வழித்து எடுங்கள். கீழே உள்ள வலையையும் கழுவுங்கள். எல்லாம் புதிதாகப் போட்டவர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

எஞ்சின் கேஸை மணல் அடித்து வெள்ளையாக்க வேண்டாம், தயவு செய்து. ஒயில் துவாரத்தில் ஒரு மணி மிஞ்சினாலும் புதுப் போருக்கு அது போதும். பொலிஷ் பண்ணும்போது எஞ்சின் இலக்கத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பது அந்த இலக்கந்தான். கேஸையே மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

வேலைக்கு விடும்போது கராஜ் அண்ணையிடம் மூன்றைக் கேளுங்கள்: கழற்ற முன் கொம்பிரஷன் எவ்வளவு, சிலிண்டர் தேய்வு எவ்வளவு, றொட்டில் மேல்-கீழ் ஆட்டம் உண்டா. ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமான்களையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தப் பழைய பிஸ்ரனை ஒயில் பூசிக் கடதாசியில் சுற்றி வையுங்கள்.