தண்ணீரில் ஆடிய பசிக்கு ஒரு நல்ல ஸ்டேக்

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சன்வே லகூன் தண்ணீர்ப் பூங்கா மாலை ஆறு மணி வாக்கில் மூடும். பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் 1990களில் எழுந்த அந்தப் பூங்காவிலிருந்து ஈரத் தலையும் சிலிப்பருமாக வெளியே வருகிற குடும்பங்களில், சின்னப் பிள்ளை முதல் தாத்தா வரை ஒரே பேச்சுதான்: எங்கே சாப்பிடலாம்? இந்தப் பசிக்கு ஆட்டம் மட்டும் காரணமில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். 28, 29 டிகிரித் தண்ணீர் இதமாகத்தான் தோன்றும். ஆனால் 37 டிகிரி உடம்பிலிருந்து அது நாள் முழுக்கச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர்ந்த நீரில் உடற்பயிற்சி செய்தவர்கள் வெதுவெதுப்பான நீரில் செய்தவர்களைவிட அதிகம் சாப்பிடுவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள்.

ஒரே உணவு, உடம்புக்குத் தேவைப்படும்போது இன்பமாகவும் தேவை தீர்ந்ததும் சலிப்பாகவும் தோன்றும் என்று மிஷேல் கபனாக் என்ற உடலியலாளர் 1971இல் விளக்கினார். ஆகவே தீம் பார்க் மாலையில் முதல் நாலு வாய்க்கு எந்த ஸ்டேக்கும், அதாவது கல்லில் வாட்டிய எந்த இறைச்சித் துண்டும், அமிர்தம்தான். அப்புறம்தான் தாடை வலிப்பது தெரியும். அதற்குள் பில் ஏறியிருக்கும். நாக்கை நம்ப முடியாத நேரத்தில் கண்ணையும் கொஞ்சம் இயற்பியலையும் நம்புவது நல்லது.

நம் வீடுகள் பலவற்றில் மாட்டிறைச்சி கிடையாது. அதற்காக இதைப் படிக்காமல் விட வேண்டாம். மாமாவுக்கு லேம்ப் (ஆட்டுக்குட்டி இறைச்சி), பையனுக்கு மாடு, அத்தைக்கு சிக்கன் சாப் என்று ஒரே மேசைக்கு மூன்று விதமாக வருவது கோலாலம்பூரில் சர்வசாதாரணம். கீழே சொல்லப்போவது லேம்புக்கும் அப்படியே பொருந்தும். கோழிக்கு மட்டும் பொருந்தாது. அது உள்ளே வரை முழுக்க வெந்தாக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொழுப்பு குறைந்த இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். நல்ல ஸ்டேக்கின் வெளிப்பக்கத்தில் அந்தத் தண்ணீர் இருக்கக் கூடாது, உள்பக்கத்திலிருந்து வெளியே போகக் கூடாது. ஓர் அங்குலக் கனத்துக்குள் இப்படி எதிரும் புதிருமான இரண்டு வேலைகள். சமையல்காரர் கெட்டிக்காரரா இல்லையா என்பது இந்த இரண்டையும் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

வெளிப்பக்கத்தை முதலில் பார்ப்போம். சிவந்து, கருகும் முன் நிற்கிற அந்த மேல்தோலின் மணம், பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912இல் விவரித்த வினையிலிருந்து வருகிறது. புரதத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாகப் பிரிகின்றன. குச்சியில் குத்திச் சுடுகிற காஜாங் சாத்தேயின் ஓரக் கருகலும் இதே வேதியியல்தான். இந்த வினை சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி போல வேண்டும். ஆனால் ஈரம் இருக்கும்வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 420 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். அடுப்பின் சூடெல்லாம் அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே செலவாகிவிடும். தோசையும் முதலில் ஆவி விட்டு, ஈரம் போன பிறகுதானே சிவக்கிறது, அதே கதை.

அதனால்தான் கவனமான சமையலறையில் இறைச்சியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கல்லில் போடுவார்கள். கல் கனமாக இருக்கும். ஒரே நேரத்தில் பத்துத் துண்டை நெருக்கி அடுக்க மாட்டார்கள்; அடுக்கினால் கல்லின் சூடு சரிந்து, ஒன்றன் ஆவியில் இன்னொன்று வேகும். சிவக்க வேண்டியது சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். இதில் சாப்பிடப் போகிறவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. பார்க்கை விட்டு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி ஏழு, ஏழரைக்கு உட்காரும் கடையில் அடுப்பு நிரம்பி வழியும். மழை மிரட்டி, இடியால் வெளி ராட்டினங்களை நிறுத்துகிற நாளில் அலுத்துக்கொள்ளாமல் ஐந்தரைக்கே கடைக்குப் போய்விடுங்கள். அதே சமையல்காரர், அதே கல், இரண்டே தட்டு.

இறைச்சியை முதலில் வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்று இன்றும் மெனு அட்டைகளில் எழுதுகிறார்கள். 1847இல் யுஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற பெரிய ஜெர்மன் வேதியியலாளர் கிளப்பிவிட்ட கருத்து அது. கல்லில் போட்டதும் கேட்கிறதே சுர்ர்ர் சத்தம், அது வெளியேறும் தண்ணீரின் சத்தம். பூட்டியிருந்தால் சத்தம் நின்றிருக்க வேண்டும். வறுப்பது மணத்துக்காக, பூட்டுவதற்காக இல்லை.

உள்பக்கத்தில் ஆட்டமே வேறு. 50 டிகிரி வாக்கில் மயோசின் என்ற தசைப்புரதம் உருமாறிக் கெட்டிப்படும். பச்சை இறைச்சியின் வழவழப்பு போய்க் கடிக்க வசமாகும். 60ஐத் தாண்டும்போது தசை நார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை சுருங்கிப் பிழியத் தொடங்கும். 70ஐ நெருங்கும்போது ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் சுருண்டுவிடும். அதற்கு மேல் சாறு நிற்காது. எவ்வளவு வேக வேண்டும் என்று கடையில் சொல்கிற பெயர்களில், நடு சிவப்பாக நிற்கிற மீடியம் ரேர் என்பது 55 டிகிரி போல, மீடியம் 60க்குச் சற்று மேல், முழுக்க வெந்த வெல்டன் 70க்கு மேல். நன்றாக வெந்த ஸ்டேக் தன் எடையில் கால் பங்குக்கு மேலும் இழக்கும்.

இங்கேதான் மாமா குறுக்கிடுவார். "தம்பி, ரத்தம் வடியுது பாரு. உள்ள கொண்டுபோய் நல்லா வேக வைக்கச் சொல்லு." மாமா, அது ரத்தமே இல்லை. அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. தட்டில் சிவப்பாக ஓடுவது தண்ணீரும், தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கிற மயோகுளோபின் என்ற புரதமும். 60 டிகிரியைத் தாண்டத் தாண்ட அது உருக்குலைந்து பழுப்பாகிவிடும். அதனால் நடுவில் தெரிகிற நிறம் உள்ளே எவ்வளவு சூடு ஏறியது என்பதற்கு ஓரளவு அடையாளம். இதே புரதம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறைக்குள் கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து தெரியும். கடைவாசல் குளிர்பெட்டியில் அப்படிப் பார்த்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். பிரித்துக் காற்றுப் பட்டதும் சிவந்துவிடும்.

நடுப்பகுதி 55இல் நிற்க வேண்டும், மேல்பக்கம் 140ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க ஒரே வழி, துண்டு கனமாக, அதாவது தடிமனாக இருப்பது. கனம் இரண்டு மடங்கானால் சூடு நடுவைச் சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். அந்த அவகாசத்தில் மேல்பக்கம் நிதானமாகச் சிவக்கும். மெல்லிய துண்டில் மேலே நிறம் ஏறுவதற்குள் நடு வெந்து முடிந்துவிடும். ஆகவே மெனுவில் கிராமை மட்டும் பார்க்காதீர்கள். "தம்பி, இது எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேளுங்கள். விரலால் காட்டத் தெரிந்த பணியாளர் இருக்கிற கடை நல்ல கடை. இரண்டு பேருக்கு 200 கிராமில் இரண்டு மெல்லிய துண்டு வாங்குவதைவிட, 400 கிராமில் கனமான ஒன்றை வாங்கிப் பங்கு போடுவது எப்போதும் மேல். வெள்ளியும் (ரிங்கிட்) பெரும்பாலும் அதேதான் ஆகும்.

இனி நம்ம ஊர் விசேஷம்: சூடான இரும்புத் தட்டு. துவாங்கு அப்துல் ரகுமான் சாலையில் 1921இல் தொடங்கிய கொலிசியம் கஃபேயின் பெயரைச் சொன்னதும் பழைய ஆட்களுக்கு நினைவுக்கு வருவது இந்தச் சீறும் ஸ்டேக்தான். வெள்ளைக்கார வீடுகளில் சமைத்துப் பழகிய, சீனாவின் ஹைனான் தீவு வழிவந்த ஹைனானியச் சமையல்காரர்கள் வளர்த்த பாணி இது. இன்று ஃபூட் கோர்ட் வெஸ்டர்ன் கடை வரைக்கும் பரவிவிட்டது. மரப்பலகை மேல் வார்ப்பிரும்புத் தட்டு, அதன் மேல் இறைச்சி, மேசைக்கு வந்ததும் மேலே கருமிளகு சாஸ். புகையும் சத்தமும் பார்க்க அமர்க்களமாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தட்டு ஒரு கிலோ, 200 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அது 100 டிகிரிக்கு இறங்கும்போது ஏறக்குறைய 45 கிலோஜூல் வெப்பத்தை விடும். 200 கிராம் இறைச்சியை 10 டிகிரி ஏற்ற, அதாவது மீடியம் ரேரைத் தாண்டி மீடியத்தையும் கடத்திவிட, 7 கிலோஜூல் போதும். அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் ஸ்டேக் உங்கள் மேசையிலேயே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது சாஸை ஊற்றுகிறார்கள். அதில் 20 கிராம் தண்ணீர் ஆவியானாலே அந்த 45 கிலோஜூலும் காலி. தட்டு சட்டென்று 100 டிகிரிப் பக்கம் இறங்கிவிடும். ஒரு வகையில் சாஸ் இறைச்சியைக் காப்பாற்றுகிறது. ஆனால் அடுப்பில் பாடுபட்டு விரட்டிய ஈரத்தை அதே சாஸ் மேல்பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. மொறுமொறுப்பு ஊறிப் போகும். என் யோசனை இதுதான்: இரும்புத் தட்டுக் கடையில் உங்களுக்கு வேண்டியதைவிட ஒரு படி குறைத்துக் கேளுங்கள். மீடியம் வேண்டுமென்றால் மீடியம் ரேர். சாஸைத் தனிக் கிண்ணத்தில் வாங்கி, இறைச்சி மேல் ஊற்றாமல் ஓரமாகத் தட்டில் ஊற்றுங்கள். சீறல் அப்படியே கிடைக்கும், பிள்ளைகளும் ஏமாற மாட்டார்கள். ஸ்டேக்கை முள்கரண்டியால் தூக்கித் தட்டிலிருக்கும் வெங்காயத்தின் மேல் உட்கார வையுங்கள். சாதாரணப் பீங்கான் தட்டில் தருகிற கடை என்றால் வந்தவுடனே வெட்டாமல் ஐந்து நிமிடம் விடுங்கள். சற்று ஆறினால் சாறு கொஞ்சம் கெட்டிப்படும், வெட்டும்போது ஓடாது.

சில கடை ஸ்டேக் விசித்திரமாக மெத்தென்று, கடித்தால் ரப்பர் போலத் துள்ளும். அது பெரும்பாலும் சமையல் சோடாவின் வேலை. காரத்தன்மை ஏறினால் புரதங்கள் இறுகிப் பிணையாது. பப்பாளியிலுள்ள பப்பெய்ன் என்ற நொதியும் புரதங்களை வெட்டி இறைச்சியை மெத்தென்று ஆக்கும். நம் வீட்டில் ஆட்டுக்கறிக்குக் காய்ப் பப்பாளி தேய்ப்பதுண்டு. அந்த நொதி மும்முரமாக வேலை செய்வது 60, 70 டிகிரியில், அதாவது அடுப்பில்தான். அளவு மீறினால் மேல்பக்கம் மாவாகிவிடும். குழம்புக்குப் பரவாயில்லை. ஸ்டேக்குக்கு மென்மை இயல்பாகவே வர வேண்டும்: முதுகெலும்பை ஒட்டி, அதிகம் உழைக்காமல் கிடந்த டெண்டர்லாயின் போன்ற தசையைத் தேர்ந்தெடுப்பதாலும், குளிரில் சில வாரம் வைத்து இறைச்சியின் சொந்த நொதிகளே நாரைத் தளர்த்த விடுவதாலும். மலேசியக் கடைகளுக்கு ஸ்டேக் துண்டுகள் ஆஸ்திரேலியாவிலிருந்து நிறைய வருகின்றன. இந்தியாவிலிருந்து உறைந்து வரும் எருமை இறைச்சி குழம்புக்கும், தேங்காய்ப்பாலில் வற்றவைக்கிற ரெண்டாங்குக்கும்தான் சரி. மெனுவில் ரிப் ஐ, சர்லாயின் என்று எந்தப் பகுதி என்றும், எந்த நாடு என்றும் எழுதியிருந்தால் நம்பிப் போகலாம். வெறும் 'பீஃப் ஸ்டேக்' என்று மட்டும் இருந்தால் நான் சிக்கன் சாப் கேட்பேன்.

பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரின் உள்ளரங்கப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு வேலை சுலபம். மழை பிரச்சினை இல்லை, புக்கிட் பிந்தாங் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். மலைமேலுள்ள கெந்திங் பூங்காவுக்குப் போனால் வேறொரு வேடிக்கை: ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். உருளைக்கிழங்கு வேகக் கூடுதல் நேரமாகும். கல்லில் சிவக்கிற ஸ்டேக்கை அது கிட்டத்தட்டத் தொடாது.

பிள்ளைகளுக்கு பர்கர் வாங்கினால் நடு சிவப்பாக இருக்கவே கூடாது. முழுத் துண்டில் கிருமி இருப்பது பெரும்பாலும் வெளிப்பரப்பில்; கல்லின் சூட்டில் அது செத்துவிடும். அரைத்த இறைச்சியில் வெளிப்பரப்பே உள்ளே கலந்துவிடுகிறது, அதனால் நடுவும் 71 டிகிரியைத் தொட வேண்டும். ஊசிகளால் குத்தி மென்மையாக்கிய மலிவு ஸ்டேக்குக்கும் இதே எச்சரிக்கைதான். அதை மீடியம் ரேரில் கேட்காதீர்கள்.

மிச்சமானதைத் தாப்பாவ் செய்யலாம், அதாவது பொட்டலம் கட்டி எடுத்துப் போகலாம். ஆனால் மறுநாள் ஹோட்டல் அறை மைக்ரோவேவில் சூடாக்கினால் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். இறைச்சியிலுள்ள இரும்பு ராத்திரியெல்லாம் கொழுப்பை ஆக்சிஜனோடு சேரவிட்ட பலன் அது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நாருக்குக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, சூடாக்காமலே ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.