எல்நினோன்னா நம்ம கண்மாய் காஞ்சிருமா?

2023 ஆவணில சாக்கோட்டை பக்கம் ஒரு கண்மாய்க்கரையில நிக்கிறேன், ஒரு அண்ணன் வந்து "தம்பி, எல்நினோவாம்ல, மழையே இருக்காதுன்னு டிவில ஓடுது, புழுதில விதைக்கவா வேணாமா"ன்னு கேட்டாரு. விவசாய ஆலோசனை வேலைக்கு வந்ததுல இருந்து காரைக்குடி, தேவகோட்டைன்னு எங்க போனாலும் இந்தக் கேள்விதான்.

இதுல பாதி இரவல் பயம். டிவில பேசுறது பெரும்பாலும் ஜூன் டு செப்டம்பர் பெய்யுற தென்மேற்கு பருவமழையப் பத்தி, வடக்க அதுதான் சோறு. நம்ம கண்மாயும் ஊருணியும் நெறையறது ஐப்பசி கார்த்திகையில.

பசிபிக் கடல்ல பூமத்திய ரேகை பக்கம் எப்பவும் காத்து கெழக்க இருந்து அடிச்சு சூடான மேல்தண்ணிய இந்தோனேசியா பக்கம் தள்ளி வச்சிருக்கும், பெரு நாட்டுக் கரையில அடியில இருந்து குளுந்த தண்ணி மேல வரும். அந்தக் காத்து தளந்துச்சுன்னா சூடு திரும்ப கெழக்க பரவிரும், வழக்கத்த விட அரை டிகிரி கூடி மாசக்கணக்குல நீடிச்சா அதுதான் எல்நினோ. மழைமேகம் சூட்டுக்குப் பின்னாடியே போகும், அதான் இந்தியாவுல தென்மேற்கு மழை பல தடவ படுத்துக்குது. ஆனா நம்ம வடகிழக்கு மழைக்கு அதே எல்நினோ பெரும்பாலும் அனுகூலம். 2015 டிசம்பர்ல சென்னை முங்குனதும் எல்நினோ வருஷம், அந்த அண்ணன் கேட்ட 2023-லயே டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ கொட்டுச்சு.

நான் பயப்படுறது 2016 மாதிரி வருஷத்துக்கு. பசிபிக்ல லேசான லாநினா (எல்நினோவுக்கு நேர்மாறா அந்தக் கடல் குளுந்து கெடக்குறது), இங்க இந்தியப் பெருங்கடல்ல சுமத்ரா பக்கம் சூடேறி ஆப்பிரிக்கா பக்கம் குளுந்து கெடந்துச்சு (நெகட்டிவ் ஐஓடின்னு சொல்லுவாங்க), மேகமெல்லாம் அங்கிட்டே கூடிருச்சு. தமிழ்நாட்டுக்கே வடகிழக்கு மழை 62 சதவீதம் கம்மி. சரி லாநினான்னாலே வறட்சியான்னா அதுவும் இல்ல, 2021 லாநினாதான், வெளுத்து வாங்குச்சு. கடல் சூடு வாய்ப்ப கூட்டும் கொறைக்கும், அவ்வளவுதான், தேதி குறிச்சுக் குடுக்காது.

இன்னொன்னு, நம்ம ஆளுக ரங்கூனுக்கு கப்பலேறுன அதே வங்காள விரிகுடாவும் சூடாகிட்டு வருது. கடல் மேல்தண்ணி 26.5 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் புயல் உருவாகத் தோது, காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் புடிக்கும், அதனால பெய்யும்போது பொத்துக்கிட்டு ஊத்துற மழை கூடுது. அப்படி ரெண்டு நாள்ல வர்ற தண்ணிய கண்மாய்க்குள்ள கொண்டு சேக்கலைன்னா ரோட்டு மேல ஓடிப் போயிரும்.

அதனால அந்த அண்ணன்கிட்ட "விதைங்கண்ணே, டிவிய விடுங்க, மொதல்ல வரத்துக்கால போய்ப் பாத்துட்டு வருவோம்"னேன். போனோம். சீமைக்கருவேல முள்ளு ரெண்டு ஆள் ஒசரத்துக்கு நின்னுச்சு, தண்ணி வர்ற தடமே தெரியல.