காசநோய்க் கிருமியின் மரபணுவை ஊர் ஆஸ்பத்திரியில் படிப்பது எப்படி?

காசநோய் என்றாலே, நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் சானடோரியம்தான் என்று இருந்த காலத்தில், சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியத்தில் படுக்கையும் சத்தான சாப்பாடும் மருந்தும். இன்னொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலேயே அதே மருந்து. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். 1959-இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் காசநோயைக் கையாளும் முறையையே மாற்றியது. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மருந்து அப்போதே வீட்டுக்கு வந்துவிட்டது. நம்பகமான பரிசோதனை ஊருக்கு வரத்தான் இன்னும் அறுபது ஆண்டு பிடித்தது.

அதுவரை ஊரில் இருந்தது நுண்ணோக்கி. சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயம் ஏற்றிப் பார்த்தால் நீலப் பின்னணியில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். மலிவான முறை, மோசமும் இல்லை. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன் லேப் டெக்னீஷியன் குறைந்தது நூறு இடங்களைப் பார்க்க வேண்டும். மதியத்துக்குள் வரிசையாக ஸ்லைடுகள் குவியும் இடத்தில் அந்த நூறு எப்படிச் சுருங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிருமி குறைவாக உள்ள எச்.ஐ.வி. நோயாளிகள் இதில் எளிதில் தப்பிவிடுவார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை துல்லியமானது, ஆனால் வாரக்கணக்கில் ஆகும்.

கிருமியைத் தேடுவதற்குப் பதில் அதன் மரபணுவைத் தேடலாமே என்ற வழியைத் திறந்தது பிசிஆர். 1983-இல் அமெரிக்க வேதியியலாளர் கேரி முல்லிஸ் கண்டுபிடித்தது. பத்து ஆண்டில் நோபல் வாங்கித் தந்தது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரட்டை இழை பிரியும். 60 டிகிரி அளவுக்கு இறக்கினால், நாம் கலந்துவைத்த சிறு இழைத்துண்டுகள் காசநோய்க் கிருமிக்கே உரிய பகுதியில் போய் ஒட்டும். ஒரு நொதி அங்கிருந்து புதிய இழையை இழுத்துக்கொண்டு போகும். ஒன்று இரண்டாகிவிட்டது. மறுபடி சூடு, மறுபடி இறக்கம். முப்பது சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒன்று 107 கோடியாக நிற்கும். ஒவ்வொரு நகலோடும் ஒளிரும் பொருள் கூடிக்கொண்டே போவதால், வெளிச்சம் எந்தச் சுற்றில் எழுகிறது என்பதை வைத்துக் கிருமி அதிகமா குறைவா என்றும் சொல்லிவிடலாம்.

சரி, இது ஏன் ஊருக்கு வரவில்லை? பிசிஆருக்குச் சுத்தமான டி.என்.ஏ. வேண்டும், குளிரில் வைத்த ரசாயனங்கள் வேண்டும், தடையில்லா மின்சாரம் வேண்டும், கைதேர்ந்த ஆள் வேண்டும். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவி இவற்றில் பெரும்பகுதியை ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கியது. இரண்டு மணி நேரத்தில் முடிவு. ஆனாலும் அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. வேலூர் மே மாதத்தில் ஏசி இல்லாமல் அது நடக்குமா? அந்தக் கருவி பெரும்பாலும் மாவட்டத் தலைநகரம்வரை வந்து அங்கேயே நின்றது.

அடுத்து வந்ததுதான் ட்ரூநாட். கோவாவின் மோல்பயோ நிறுவனமும் பெங்களூரின் பிக்டெக்கும் உருவாக்கியது. 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. மேசைமேல் இரண்டு சிறு கருவிகள், இரண்டும் பேட்டரியில் ஓடும். சளியை நீர்த்துப்போகச் செய்து, கிருமியின் உடலை உடைக்கும் கரைசலில் கலந்து முதல் கருவியில் ஊற்றினால், இருபது நிமிடத்தில் சுத்தமான டி.என்.ஏ. கரைசல் வெளியே வரும். அதில் 6 மைக்ரோலிட்டரை எடுத்து ஒரு குட்டிக் குழாயில் விட வேண்டும். குழாயின் அடியில் பிசிஆர் ரசாயனங்கள் உறைய வைத்து உலர்த்திய நிலையில் ஒட்டியிருக்கும். அரை நிமிடம் பொறுத்தால் கரைந்துவிடும். அப்புறம் அதிலிருந்து 6 மைக்ரோலிட்டரை, சிப் எனப்படும் சிறு தகட்டின் நடுவில் உள்ள வெள்ளைக் குழியில் விட்டு, இரண்டாவது கருவிக்குள் தள்ள வேண்டியதுதான்.

என் கணிப்பில் அந்தக் குழிதான் கெட்டிக்காரத்தனம். அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கும் தாளிப்புக் கரண்டியைச் சூடாக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். சூடேற வேண்டியது ஒரு துளி என்பதால் சட்டென்று ஏறி இறங்குகிறது, பேட்டரி தாங்குகிறது. உலர்ந்த ரசாயனம் ஃப்ரீசர் தேவையைக் குறைத்தது. பரிசோதனை சரியாக ஓடியதா என்று பார்க்க ஒரு அடையாள டி.என்.ஏ.வும் கூடவே ஓடும். அது பெருகவில்லை என்றால் கருவி ‘இல்லை’ என்று பொய் சொல்லாமல் ‘செல்லாது’ என்று காட்டும். நிபுணரின் சந்தேகப் புத்தியைக்கூடப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்! மொத்தம் ஒரு மணி நேரம்.

கிருமி இருப்பது உறுதியானால் அதே கரைசலில் மீதியை இன்னொரு சிப்பில் விடலாம். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமிகளில் ஏறக்குறைய 95 சதவீதத்தில், மாற்றம் ஒரே மரபணுவின் 81 எழுத்து நீளப் பகுதிக்குள்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டால், முதல் மாத்திரைக்கு முன்பே அந்த மருந்து வேலை செய்யுமா என்று தெரிந்துவிடும். முன்பெல்லாம் இந்தப் பதிலுக்காகக் காத்திருந்த வாரங்களில் பலிக்காத மருந்தைச் சாப்பிட்டவர்கள் உண்டு.

கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் உள்ளே போவது சளியாக இருக்க வேண்டும். பலர் டப்பாவில் தருவது எச்சில். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்ததுதான் பயன்படும். அதையும் வீட்டுக்குள் அல்ல, திறந்த வெளியில். சிறு குழந்தைகளுக்கு இது வராது. நாக்கைத் துடைத்தெடுத்த பஞ்சிலேயே கிருமியைத் தேடும் ஆய்வுகள் அதற்காகத்தான் நடக்கின்றன. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் பெருகும் என்பதால், மருந்து சாப்பிட்டுவருபவர் குணமாகிறாரா என்று பார்க்க இந்தச் சிப் உதவாது. அதற்குப் பழைய நுண்ணோக்கியும் வளர்ப்புச் சோதனையும்தான். மற்ற பல மருந்துகளுக்கான எதிர்ப்பை அறியவும் சளி இன்னும் பெரிய ஆய்வகங்களுக்குத்தான் பயணம் போகிறது.